மெரினாவில் ஒன்பது விமானங்கள்: பார்த்தவர்கள் பகிரலாம்

திருவல்லிக்கேணியிலிருந்து ஓர் உறுப்பினர்:

2024 அக்டோபர் 6, ஞாயிற்றுக்கிழமை. விமானப்படை நாளையொட்டி மெரினாவில் நடந்த சாகச நிகழ்ச்சிக்கு மாமாவோடு போயிருந்தேன். 1996-இல் விமானப்படையின் சாகசக் குழுவான சூரியகிரண் கர்நாடகத்தின் பீதரில் தொடங்கப்பட்டபோது, அந்தக் குழு அன்று ஓட்டிய கிரண் விமானங்களைப் பராமரித்த தரைப் பணியாளர்களில் அவரும் ஒருவர். மணலே தெரியாத அளவுக்குக் குடைகள்.

சிவப்பும் வெள்ளையுமாக, அதே குழு இப்போது ஓட்டும் ஹாக் விமானங்கள் ஒன்பது வந்ததும் கூட்டம் ஆர்ப்பரித்தது. மாமா வாய் திறக்கவில்லை. உதடுகள் மட்டும் அசைந்தன. எண்ணிக்கொண்டிருந்தார்.

"முன்னால் போகிறவர் மட்டும்தான் வெளியே பார்க்கிறார். மற்றவர்களுக்குக் கடல் எது, வானம் எது என்ற கவலையே கூடாது. பக்கத்து விமானத்தில் ஒரு புள்ளியைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, அது நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். குட்டிக்கரணம் போடும்போதும் அப்படித்தான்" என்றார். இரண்டு உள்ளங்கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக, தொடாமல் பிடித்துக் காட்டினார். நடுவே ஒரு தாளைச் செருகலாம், அவ்வளவுதான்.

அணித்தலைவர் என்ஜினின் முழு விசையையும் கொடுக்கவே மாட்டாராம். கொடுத்துவிட்டால், வளைவின் வெளிப்புறத்தில் பின்தங்குகிறவர் எட்டிப் பிடிக்க விசை மிச்சமிருக்காது. துணிச்சல் என்று நாம் கைதட்டுவது எவ்வளவு பெரிய பொறுமை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

2019 பிப்ரவரியில் பெங்களூரு ஒத்திகையில் இரண்டு ஹாக் விமானங்கள் மோதி விமானி சாஹில் காந்தி இறந்த அன்று மாமா சாப்பிடவில்லை. மெரினா நிகழ்ச்சி நாளிலும் ஐந்து பேர் வீடு திரும்பவில்லை. வானத்தில் இல்லை; கீழே, வெயிலிலும் நெரிசலிலும். அதை விட்டுவிட்டு அந்த நாளைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை.

மயிலாப்பூரிலிருந்து ஓர் உறுப்பினர்:

நான் வீட்டு மொட்டை மாடியிலிருந்துதான் பார்த்தேன். பக்கத்தில் பாட்டி இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. விமானச் சத்தம் கேட்டாலே அவர் உஷா சுந்தரத்தின் கதையைத் தொடங்கிவிடுவார். சுதந்திர இந்தியாவின் முதல் பெண் விமானி. 1949-இல் பயிற்சி முடித்தவர். கணவர் சுந்தரமும் விமானி. 1951-இல் சென்னை மாகாண அரசுக்காக டவ் என்ற சிறு விமானம் ஒன்றை இங்கிலாந்திலிருந்து இருவரும் ஓட்டிவந்து, 27 மணி நேரத்தில் பம்பாயை அடைந்தார்கள். அது சாதனைப் பயணம். "அவள் கடல் தாண்டி வந்தாள், நீ பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போக மாட்டாயா?" என்பது பாட்டியின் வாதம். போனேன்.

ஒரு கேள்வி: வைர வடிவத்தில் வந்தபோது கடைசி விமானம் மற்றவற்றைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்ததே, ஏன்? உங்கள் மாமாவிடம் கேட்டுச் சொல்லுங்கள்.

திருவல்லிக்கேணி உறுப்பினர்:

கேட்டேன். முன்னால் போகும் விமானங்களின் என்ஜின்கள் கக்கும் காற்றுக்குள் மாட்டினால் அது விமானத்தை உலுக்கி எடுத்துவிடும். அதற்கு அடியில் பதுங்கித்தான் கடைசி விமானி பறக்க வேண்டும்.

மாமாவின் எண்ணிக்கையும் அந்த விமானத்தில்தான் முடியும். அன்று எல்லாம் தெற்கே மறைந்த பிறகு "ஒன்பது" என்று வாய்விட்டுச் சொன்னார். அதன் பிறகே, காலையிலிருந்து மூடியே வைத்திருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து, பக்கத்தில் நின்ற வயதான அம்மாவிடம் முதலில் நீட்டினார்.