வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர் பணம் வாங்கலாமா?

அம்பாசமுத்திரம் பக்கத்தில், பீடி சுற்றும் பெண்களின் பிள்ளைகளுக்கு மாலை நேரத்தில் பாடம் சொல்லித்தரும் ஒரு சிறிய அறக்கட்டளைக்குக் கணக்கு வழக்கில் உதவி வருகிறேன். 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது அரிசி, பாய், புத்தகப்பை என்று தாராளமாக வந்தது. பொங்கல் கழிந்ததும் வரவு நின்றுவிட்டது. ஆசிரியையின் சம்பளமும் மின்கட்டணமும் மாதாமாதம் வரும் செலவுகள் அல்லவா?

நிர்வாகிகள் முதலில் நினைத்தது பெரிய கம்பெனிகள் சமூகப் பணிக்கென ஒதுக்கும் சி.எஸ்.ஆர். நிதியைத்தான். அதற்கு, அறக்கட்டளையின் வருமானத்துக்கு வரிவிலக்குத் தரும் 12ஏ, நன்கொடை தருபவருக்கு வரிச்சலுகை தரும் 80ஜி ஆகிய வருமானவரிப் பதிவுகளும், அந்த நிதியைப் பெறும் அமைப்புகளுக்கு 2021 ஏப்ரல் முதல் கட்டாயமான சி.எஸ்.ஆர்.-1 பதிவும், 3 ஆண்டு பணி அனுபவமும் வேண்டும். அவற்றை அவசியம் முடித்து வைக்க வேண்டும் என்றாலும், அந்த நிதி பெரும்பாலும் திட்டத்துக்கென வந்து திட்டத்தோடு முடிந்துவிடுவதால், சிறிய அமைப்பு அதை மட்டும் நம்பிச் சம்பளம் பேசக்கூடாது என்பது என் உறுதியான கருத்து.

துபாயிலும் கத்தாரிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்களிடம் மாதம் ஒரு சிறு தொகை கேட்கலாமே என்றேன். பொருளாளர் பதறிவிட்டார். “அண்ணாச்சி, வெளிநாட்டுப் பணம்னா எஃப்.சி.ஆர்.ஏ. வேணும்லா? நமக்கு எதுக்கு வம்பு?” என்றார். இந்த அச்சம் நம் பக்கத்துச் சிறு அமைப்புகள் பலவற்றில் இருப்பதால் விளக்கமாகவே எழுதுகிறேன். எஃப்.சி.ஆர்.ஏ. என்பது வெளிநாட்டு நன்கொடை வாங்குவதை முறைப்படுத்தும் சட்டம். இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வாழ்பவர், தம் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் தொகை அந்தச் சட்டத்தின்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. ஆனால் வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர், இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓ.சி.ஐ. அட்டை வைத்திருந்தாலும், நம் ஊரிலேயே பிறந்தவராயினும், அவர் தருவது வெளிநாட்டு நன்கொடைதான், எஃப்.சி.ஆர்.ஏ. அனுமதி இல்லாமல் அதைத் தொடக்கூடாது. ஆகவே ஒவ்வொருவரிடமும் இந்தியப் பாஸ்போர்ட்டின் நகலை வாங்கிக் கோப்பில் வைத்த பிறகே பணம் வாங்குகிறோம்.

பணம் தொடர்ந்து வருவதற்குக் காரணம், ஆசிரியையே நீளக் கணக்கு நோட்டில் எழுதும் மாதச் செலவுப் பக்கம். சாக்பீஸ், பல்பு, சுண்டல், சம்பளம் என்று வரிவரியாக இருக்கும் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து, ரசீதோடு எல்லோருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்புகிறார். உள்ளூர்க்காரர்களும் இதைப் பார்த்துத் தர முன்வந்தார்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் தந்தால் 80ஜி விலக்கு கிடைக்காது என்பதை அவர்களிடம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். நிதியாண்டு முடிந்ததும் மே 31-க்குள், யார் எவ்வளவு தந்தார்கள் என்ற விவரம் அடங்கிய 10பிடி படிவத்தை வருமானவரித் துறையில் தாக்கல் செய்து, தந்தவர்களுக்கு 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழும் கொடுத்துவிடுகிறோம்.

இப்போது ஆசிரியையின் சம்பளம் இந்த மாதச் சந்தாவிலேயே நடக்கிறது; வாடகைக்கு இன்னும் எட்டவில்லை. அதற்காக மூலநிதி சேர்க்கத் தொடங்கியிருக்கிறோம். தரும் தொகை மூலநிதிக்கே உரியது என்று கொடுப்பவர் எழுத்தில் குறிப்பிட்டால்தான் அதைத் தனியாக வைப்புநிதியில் போட்டு, வட்டியை மட்டும் செலவிட முடியும். அந்தக் கடிதத்தின் மாதிரி என்னிடம் இருக்கிறது. தேவைப்படுவோர் கேட்டால் அனுப்புகிறேன்.