தம்பியின் பல்வலியைப் பிடிவாதம் என்றார்கள்: இனி எப்படிச் சிகிச்சை பெறுவது?

கேள்வி (ஓர் அக்கா, திருச்சி)

வணக்கம். அறிவுசார் குறைபாடு உள்ள என் தம்பிக்கு 24 வயது. பத்துப் பதினைந்து சொற்களே பேசுவான். மூன்று வாரமாக இடது கன்னத்தில் அறைந்துகொண்டு, சோற்றைத் தட்டோடு தள்ளிவிட்டான். அழைத்துச் சென்ற மருத்துவமனையில் வாயைக்கூடத் திறந்து பார்க்காமல், "இந்தப் பிள்ளைகள் பிடிவாதமாகத்தான் இருப்பார்கள்" என்று தூக்க மாத்திரை எழுதித் தந்தார்கள். பிறகு வேறொரு மருத்துவர் டார்ச் அடித்துப் பார்த்தபோதுதான் கடைவாய்ப் பல் சொத்தையாகி ஈறு வீங்கியிருப்பது தெரிந்தது. பல்லை எடுக்க வேண்டும். அவனோ நாற்காலியில் உட்கார மறுக்கிறான். 18 வயது கடந்தவனுக்கு யார் கையெழுத்திடுவது என்றும் கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

மறுமொழி (செவிலியர்)

வலியைச் சொல்லத் தெரியாதவர்களுக்கு அது நடத்தையாகத்தான் வெளிப்படும். திடீரென்று தன்னையே அடித்துக்கொண்டாலோ உறக்கம் கெட்டாலோ, பல், காது, மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், சிறுநீர்த் தொற்று ஆகியவற்றைப் பார்த்த பிறகே மனநிலை பற்றிப் பேச வேண்டும். "இது இவன் வழக்கம் அல்ல, மூன்று வாரமாகத்தான்" என்பதையே மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள். முழு மயக்கம் தேவைப்பட்டால், அதே மயக்கத்திலேயே மற்றப் பற்களையும் காதையும் பார்த்து, இரத்தமும் எடுத்துவிட முடியுமா என்று முன்கூட்டியே கேளுங்கள். டவுன் சின்ட்ரோம் (பிறவியிலேயே உள்ள குரோமோசோம் மாறுபாடு) உள்ளவர் என்றால், கழுத்தெலும்புத் தளர்வு இருக்கக்கூடும் என்பதை மயக்க மருத்துவருக்கு நினைவூட்டுவது மிகவும் அவசியம்.

மறுமொழி (சமூகப் பணியாளர்)

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, பிரிவு 25, சிகிச்சையில் முன்னுரிமை கிடைக்க அரசு வழிசெய்ய வேண்டும் என்கிறது, தயங்காமல் கேளுங்கள். கையெழுத்துக்கு, அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்கும் பொருந்தும் தேசிய அறக்கட்டளைச் சட்டம், 1999-இன் கீழ், மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் குழுவிடம் சட்டப்படியான பாதுகாவலராக விண்ணப்பிக்கலாம். அதே அறக்கட்டளையின் நிராமயா என்னும் மருத்துவக் காப்பீடு 1 லட்சம் ரூபாய் வரை தருகிறது. சேர்வதற்கு மருத்துவப் பரிசோதனை கிடையாது.

மறுமொழி (ஒரு தாய், மதுரை)

என் மகளும் நாற்காலியைக் கண்டாலே அலறுவாள். கையுறை ஒரு சோடி வாங்கி வந்து, இரவில் பல் துலக்கும்போது அதை அணிந்துகொண்டு அவள் ஈற்றைத் தொட்டுப் பழக்கினேன். பிறகு, சிகிச்சை எதுவும் இல்லாமல் இரண்டு முறை மருத்துவமனைக்குச் சென்று, நாற்காலியில் நான் அமர்ந்து அவளை மடியில் சாய்த்துக்கொண்டேன். மூன்றாம் முறை, காலையில் முதல் ஆளாக நேரம் வாங்கிச் சென்றபோது அவளே ஏறி உட்கார்ந்தாள். எதற்கு அஞ்சுவாள், எப்படிச் சரி என்று தெரிவிப்பாள் என்பதை ஒரே தாளில் எழுதி மருத்துவரிடம் கொடுத்திருந்தேன். அவர் அதைப் படித்துவிட்டு, முகத்துக்கு நேரே இருந்த விளக்கைத் திருப்பி வைத்தார்.