இலையுதிர்காலப் பௌர்ணமி இரவில் வால்ஐ மீன்: நிலவு உதவுகிறதா, கெடுக்கிறதா?

குடாக்கரையான்:
கனடாவில், ஒன்ராறியோ ஏரியின் வடகரையில் இருக்கும் குவின்ட்டி விரிகுடாவில், ஒக்ரோபர் கடைசியிலிருந்து நீர் உறையும் வரை இரவில் வால்ஐ என்னும் நன்னீர் வேட்டைமீனைப் பிடிக்கப் போகிறவர்களிடையே ஒரு பழைய நம்பிக்கை உண்டு. பௌர்ணமியை ஒட்டிய இரவுகளில்தான் பெரிய மீன் கடிக்கும் என்பார்கள். போன வாரம் வேறொரு இழையில் ஒருவர் இதை மூடநம்பிக்கை என்று ஒரே வரியில் தள்ளிவிட்டுப் போனார். அது அவ்வளவு எளிதாகத் தள்ளக்கூடியது அல்ல என்பதே என் வாதம்.

வால்ஐ மீனின் விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பி அனுப்பும் ஒரு படலம் இருக்கிறது. விழித்திரையைக் கடந்துபோன வெளிச்சம் அந்தப் படலத்தில் பட்டு மறுபடியும் அதே வழியாக வருவதால், மிகக் குறைந்த ஒளியிலும் அதனால் பார்க்க முடிகிறது. டார்ச் அடித்தால் அதன் கண் வெள்ளையாக மின்னுவதும் இதனால்தான். அது விரும்பித் தின்னும் மஞ்சள் பெர்ச் மீனுக்கு இந்தப் படலம் கிடையாது. போதாததற்கு, 1990களின் நடுவில் வரிக்குதிரைச் சிப்பிகள் குடாவுக்குள் பரவி நீரை வடிகட்டித் தெளிய வைத்துவிட்டன. நீர் தெளிந்த இடத்தில் வெளிச்சத்தை வெறுக்கும் ஒரு மீன் எப்போது இரை தேடும்? அந்தியிலும் இரவிலும்தான். நிலவே இல்லாத இரவில் அதுவும் நீரின் அசைவை அறியும் உடலின் பக்கக்கோட்டு உணர்வை நம்பித்தான் வேட்டையாட வேண்டும். பௌர்ணமியிலோ கீழிருந்து மேலே பார்த்தால் இரையின் நிழலுருவம் தெளிவாகத் தெரியும். தூண்டிலில் கட்டும் நம் பொய்மீனும் அப்படித்தான் தெரியும்.

கணக்குப்பிள்ளை:
கண்ணைப் பற்றி நீங்கள் எழுதியது எல்லாம் சரி. ஆனால் அதிலிருந்து நீங்கள் வந்து சேரும் முடிவு தலைகீழாக இருக்கிறது. வால்ஐக்கு வாய்த்த அனுகூலம் என்பது தனக்குத் தெரிவதும் இரைக்குத் தெரியாததுமான அந்த இடைவெளிதானே? நிலவு வெளிச்சம் கூடக்கூடப் பெர்ச்சுக்கும் கண் தெரியத் தொடங்குகிறது, கூட்டமாகச் சேர்ந்து தப்பிக்கவும் முடிகிறது. அப்படியானால் தெளிந்த நீரில் முழுநிலவு அந்த இடைவெளியைச் சுருக்கத்தான் செய்யும்.

இரண்டாவது, பௌர்ணமியில் நிறைய மீன் பிடிபட்டதாக வரும் கதைகளை நான் நம்புவதில்லை, ஏனென்றால் பௌர்ணமியில்தான் நிறையப் பேர் போகிறார்கள். வெளிச்சத்தில் படகைச் செலுத்துவது எளிது, கரை தெரிகிறது, முடிச்சுப் போடலாம். பத்துப் படகு போகும் இரவையும் இரண்டு படகு போகும் இரவையும் மீன் எண்ணிக்கையை மட்டும் வைத்து ஒப்பிடுவது கணக்கே அல்ல.

மஸ்கி என்னும் பெரிய நன்னீர் மீனைப் பற்றி 2014இல் பிளோஸ் ஒன் இதழில் ஓர் ஆய்வு வந்தது. தூண்டில்காரர்கள் பதிவு செய்த 3,41,959 மீன்களை வைத்து நிலவுச் சுழற்சியைப் பார்த்தார்கள். பௌர்ணமியை ஒட்டியும் அமாவாசையை ஒட்டியும் சற்றே கூடுதல் இருந்தது உண்மைதான், ஆனால் அந்தக் கூடுதல் அதிகபட்சம் ஏறத்தாழ 5 சதவீதம். ஒரு தனி ஆள் தன் வாழ்நாளில் உணரக்கூடிய வேறுபாடா இது? அமாவாசையிலும் கூடுதலாமே, அதை ஏன் யாரும் சொல்வதில்லை?

குடாக்கரையான்:
அந்த ஆய்வை நானும் படித்திருக்கிறேன். இரவில் பிடித்த மீன்களிலும், பெரிய மீன்களிலும், வடக்கே போகப்போகவும் நிலவின் தாக்கம் வலுத்துத் தெரிந்தது என்பதையும் அதே கட்டுரை சொல்கிறது. அந்தப் பகுதியை விட்டுவிட்டீர்கள். தவிர, மஸ்கி பெரும்பாலும் பகலில் பிடிபடும் மீன். இரவு மீனான வால்ஐக்கு அந்த 5 சதவீதத்தை அப்படியே தூக்கி வைப்பது எப்படிப் பொருந்தும்?

கணக்குப்பிள்ளை:
வடக்கு என்று அவர்கள் சொன்னது வட அகலாங்கு 48 பாகைக்கு மேலே, காலம் நடுக்கோடை. குவின்ட்டி 44 பாகையில் இருக்கிறது, நாம் பேசுவது இலையுதிர்காலம். பொருந்துகிற பாதியை மட்டும் எடுத்துக்கொள்வது இரு பக்கத்துக்கும் ஆகாது.

வல்வெட்டியான்:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். ஊரில் பறுவத்துக்குக் கடல் பெருகும், அமாவாசைக்கும் பெருகும். மீனின் நடமாட்டமும் அதோடு மாறும் என்று எங்கள் அப்பு சொல்வார். விளக்கு வைத்துப் பிடிக்கிறவர்கள் நிலவுக் காலத்தில் தொழிலுக்கே போக மாட்டார்கள். இந்த ஏரிகளிலும் பறுவத்துக்குப் பெருக்கு இருக்கிறதா?

கணக்குப்பிள்ளை:
இருக்கிறது, ஆனால் பேரேரிகளில் அது 5 செண்டிமீட்டருக்கும் குறைவு. ஒரு பலத்த காற்று அடித்தால் அதைவிடப் பல மடங்கு நீர் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குத் தள்ளப்பட்டுவிடும். ஆகவே இங்கே நிலவு ஏதாவது செய்கிறது என்றால் அது வெளிச்சத்தின் மூலமாகத்தான். விளக்கு வைத்துப் பிடிப்பவர்களைப் பற்றி நீங்கள் சொன்னது, கவனித்தீர்களானால், என் கட்சிக்குத்தான் வலு சேர்க்கிறது!

குடாக்கரையான்:
சேர்க்கவில்லை. அங்கே நிலவு கெடுப்பது மனிதன் வைத்த விளக்கின் கவர்ச்சியை. நாங்கள் விளக்கு வைப்பதில்லை.

ஈரிக்காற்று:
நான் ஒஹையோவில், கிளீவ்லாந்துக்குப் பக்கத்தில் இருக்கிறேன். ஒக்டோபர் முடிவிலும் நவம்பரிலும் கிஸர்ட் ஷாட் என்னும் இரைமீனின் குஞ்சுகளைத் துரத்திக்கொண்டு வால்ஐ ஈரி ஏரியின் கரைக்கே வந்துவிடும். அப்போது அலைதாங்கிக் கற்களின் மேல் நின்றுகொண்டு இரவில் வீசுவோம். எங்கள் பக்கம் துறைமுக விளக்குகளும் நகரத்து ஒளியும் நிலவை ஏறக்குறைய விழுங்கிவிடுகின்றன. இருந்தும் மீன் வருகிறது, அல்லது வராமல் போகிறது. இரண்டையும் தீர்மானிப்பது பொடிமீன் கரைக்கு வந்ததா என்பதும், அதைத் தள்ளிக்கொண்டு வரக் காற்று அடித்ததா என்பதும்தான்.

ஆனால் நிலவினால் ஒன்று மாறுகிறது, அது தூண்டில் போடும் முறை. இருண்ட இரவில் ஒல்லியான நீண்ட பொய்மீனைத் தண்ணீர்ப் பரப்புக்குச் சற்றுக் கீழே, நிறுத்தாமல், சலிப்புத் தட்டும் அளவுக்கு மெதுவாக ஒரே வேகத்தில் சுற்றி இழுத்தால்தான் மீன் அதைத் தேடிப் பிடிக்கிறது. நல்ல நிலவில் இரண்டு மூன்று சுற்றுக்கு ஒரு முறை நிறுத்தினால் அந்த நிறுத்தத்தில்தான் கடிக்கிறது. அந்தக் கடியைப் புதியவர்கள் தவறவிடுவார்கள், ஏனென்றால் இடி மாதிரி எதுவும் வராது. நைலான் நரம்பு பாசியில் மாட்டியதுபோல் சற்றுக் கனக்கும், அவ்வளவுதான். கனத்த கணமே கோலை உயர்த்தாவிட்டால் துப்பிவிட்டுப் போய்விடும். கல்லில் தலைவிளக்கைத் தண்ணீர்ப் பக்கம் திருப்பி அடிக்கும் ஆசாமி ஒருவர் பக்கத்தில் நின்றால் பௌர்ணமி, அமாவாசை எதுவும் உதவாது என்பதையும் சொல்லி வைக்கிறேன்.

குடாக்கரையான்:
நிறுத்தத்தில் கடிக்கிறது என்றால் கண்ணால் பார்த்துத்தானே கடிக்கிறது? நான் சொல்ல வந்ததும் அதுவேதான்.

கணக்குப்பிள்ளை:
கடிக்கும் விதம் மாறுகிறது என்பது ஒன்று, கடிகள் கூடுகின்றன என்பது வேறு. 2020ஐ எடுத்துக்கொள்ளுங்கள். அந்த அக்டோபரில் 1ஆம் தேதியும் பௌர்ணமி, 31ஆம் தேதியும் பௌர்ணமி. மாதத் தொடக்கத்தில் குடாவில் நீர் இன்னும் கோடையின் சூட்டோடு இருந்தது, பெரிய ஏரியிலிருந்து வரவேண்டிய பெருமீன்கள் வந்து சேரவில்லை. முடிவில் நீர் குளிர்ந்திருந்தது, அவை வந்துகொண்டிருந்தன. நிலவு ஒன்றுதான், ஆனால் மீன்பிடி ஒன்றாக இருக்கவில்லை. நீரின் வெப்பநிலையும் ஏல்வைஃப் என்னும் இரைமீன் கூட்டம் நிற்கும் இடமும் முதலில், நிலவு எங்கோ பின்னால்.

இன்னொரு விஷயம். “பௌர்ணமி வாரம்” என்று எல்லோரும் தாராளமாகப் பேசுகிறார்கள். முழுநிலவுக்கு மூன்று நாள் முன்னோ பின்னோ போனால் வெளிச்சம் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். அரைநிலவின் வெளிச்சம் முழுநிலவில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்குதான். வெளிச்சம்தான் காரணம் என்றால் உங்கள் நல்ல காலம் ஒரு வாரம் அல்ல, ஐந்தாறு இரவுகள். அதிலும் மேகமில்லாதவை மட்டும். நவம்பரில் ஒன்ராறியோ ஏரிக்கரையில் மேகமில்லாத இரவு எத்தனை கிடைக்கும் என்று உங்களுக்குத் தெரியாததா?

குடாக்கரையான்:
அந்த ஐந்தாறு இரவுகளுக்குள்ளும் எல்லா இரவும் ஒன்றல்ல, அதைத்தான் அடுத்துச் சொல்ல இருந்தேன். பௌர்ணமியன்று சூரியன் மறையும்போதே நிலவு எழுவதால் நடுவில் இருட்டு என்பதே இல்லை. பௌர்ணமி கழிந்த இரண்டாம் மூன்றாம் இரவில்தான் அந்திக்கும் நிலவெழுச்சிக்கும் நடுவே முழு இருட்டு வரும். அந்த இருட்டில் குடா அடங்கிக் கிடக்கும். நிலவு மரத்துக்கு மேலே வந்ததும் நீருக்கடியில் கிடக்கும் கற்பாரின் விளிம்பில் கடி தொடங்கும். இதைப் பல பருவங்களாக, குடாவில் க்ளெனோராவுக்குக் கிழக்கே அடொல்ஃபஸ் பக்கம் பார்த்து வருகிறேன். தண்ணீரின் சூடும் பொடிமீனும் அதே இரவில் ஒரு மணி நேரத்துக்குள் மாறிவிடுவதில்லை. மாறியது வெளிச்சம் மட்டுமே.

கணக்குப்பிள்ளை:
இது முன்னதைவிட நல்ல வாதம், ஏனென்றால் இதைச் சோதிக்கலாம். ஒரே இரவு, ஒரே இடம், ஒரே பொய்மீன். நிலவெழுவதற்கு முன் ஒரு மணி நேரம், பின் ஒரு மணி நேரம், கடிக்காத மணிகளையும் சேர்த்து எழுதி வையுங்கள். அதுவரை நான் மேகம் மூடிய, தென்மேற்குக் காற்று மிதமாக அலையெழுப்பும் அமாவாசை இரவையே தேர்ந்தெடுப்பேன்.

ஈரிக்காற்று:
காற்றுக்கு என் ஓட்டு. ஆனால் நவம்பர் தண்ணீரில் இருட்டில் தனியாக, உயிர்காப்பு அங்கி இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம்.

குடாக்கரையான்:
எழுதி வைக்கிறேன். ஆனால் ஒரு நிபந்தனை: அமாவாசை இரவுகளின் கணக்கை நீங்கள் எழுத வேண்டும், அதே கற்பாரில், வெறுங்கையோடு திரும்பியவற்றையும் சேர்த்து. 63 செண்டிமீட்டருக்கு மேற்பட்ட வால்ஐயில் சட்டப்படி ஒன்றுக்கு மேல் அந்தக் குடாவில் யாரும் வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே அளந்து, எழுதி, விட்டுவிடுவதில் இருவருக்கும் நட்டமில்லை.