ஏற்காடு மேட்டில் பரண் வைத்த மாட்டுக்கொட்டகை: மடிப்புக் கூரை காற்றுக்குத் தாங்குமா?

நாகலூர்_மிளகு:
20க்கு 30 அடி கொட்டகை, பக்க உயரம் 10 அடி. கீழே மாடு, மேலே பரணில் வைக்கோல். அமெரிக்கப் பண்ணைகளில் இருப்பது போல ஒவ்வொரு பக்கமும் இரண்டு மடிப்பாக இறங்கும் ஷீட்டுக் கூரை போடலாம் என்று திட்டம். இடம் மேட்டு விளிம்பு. கோடை மழைக்கு முன்னாடி வரும் சூறைக்காற்று நேராக மோதும். தாங்குமா?

பட்டறைக்காரர்:
வேண்டாமுங்க. உயரம் ஏற ஏற காத்து பிடிக்கும். 10 டிகிரி சாய்வுல தாழ்வா போடுங்க, காத்து மேலாக்க வழுக்கிட்டுப் போயிடும். பைப்பும் மிச்சம்.

கணக்கன்:
வழுக்கிப் போகிற காற்றுதான் ஷீட்டை மேலே உறிஞ்சுகிறது. காற்றுச் சுமைக்கான இந்தியத் தர விதியான ஐஎஸ் 875 மூன்றாம் பாகத்தில், உயரம் அகலத்தில் பாதிக்கு மிகாத கொட்டகைக்கு, காற்று மோதும் பக்கச் சரிவின் அழுத்த எண் (மைனஸ் என்றால் உறிஞ்சல், பிளஸ் என்றால் தள்ளல்) 10 டிகிரியில் −1.2. 20ல் −0.4. 30ல் பூஜ்யம். மறுபக்கம் மூன்றுக்கும் −0.4தான். ஒரு பக்கம் அகலமாகத் திறந்திருந்தால் உள்ளே புகுந்த காற்று இன்னொரு 0.7 மேலே தள்ளும்.

காற்று நொடிக்கு 40 மீட்டர் என்று வைத்தால் 0.6 × 40 × 40 = சதுர மீட்டருக்கு 960 நியூட்டன், அதாவது சதுர அடிக்கு 9 கிலோ. 10 டிகிரி கூரைக்கு 1.2 + 0.7 = 1.9 மடங்கு, 17 கிலோ. அரை மி.மீ. ஷீட்டின் எடை சதுர அடிக்கு அரைக் கிலோகூட வராது. சரிவில் மோதும் இதே காற்றுக்கு 30 டிகிரியில் அதிகபட்சமே 10 கிலோதான். மலை விளிம்புக்கு இதற்கும் மேல் ஒரு பெருக்கல் உண்டு: வேகம் 1.36 மடங்கு வரை போகும், அழுத்தம் 1.85 மடங்கு.

வாழப்பாடி_பால்:
மேலே மணல் மூட்டை அடுக்கினா போதாதா? எல்லாரும் அதைத்தானே செய்யறாங்க.

கணக்கன்:
40 கிலோ மூட்டை ஒன்று இரண்டேகால் சதுர அடியைத்தான் பிடிக்கும். 600 சதுர அடிக்கு 250 மூட்டைக்கு மேல் வேண்டும். காற்றே இல்லாத நாளில் டிரஸ் (கூரையைத் தாங்கும் சட்டம்) உட்கார்ந்துவிடும்.

பட்டறைக்காரர்:
கணக்கு சரிங்க. ஆனா ஷீட்டு தனியாவா பறக்குது? அடியில குறுக்கே ஓடற பர்லின் பைப்போட சேர்ந்து பறக்குது. சரிவா இறங்கற ராஃப்டர் மேல ஒரு பொட்டு வெல்டு வச்சுட்டுப் போயிடறாங்க, அது துருப்பிடிச்சு ஒரே இழுப்புல விட்டுடும். ஒவ்வொரு சந்திப்புக்கும் கிளீட் ஆங்கிள்ங்கற எல் வடிவ இரும்புத் துண்டு, ரெண்டு 12 மி.மீ. போல்ட்டு வேணும். ஜே போல்ட்டு நம்பாதீங்க, இழுத்தா கொக்கி நிமிர்ந்துடும். இது இல்லேன்னா உங்க 30 டிகிரியும் போயிடும்.

இன்னொண்ணு. மடிப்புக் கூரையோட கீழ்ச்சரிவு 60 டிகிரி. அது கூரையில்லை, சுவரு. அதுக்கு உங்க அட்டவணையில என்ன எண்ணு?

கணக்கன்:
+0.7, நேராகத் தள்ளும். அந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி. மடிப்பு மூட்டு கீல் போல வேலை செய்யும். ஒரு பக்கம் தள்ளி மறுபக்கம் உறிஞ்சும்போது திறந்துகொள்ளும். மூட்டின் இரண்டு புறமும் பிணைக்கும் கசெட் தகடு, மூட்டுக்கு மூட்டு குறுக்கே இழுபைப், இரு கோடியிலும் உள்ள தூண் இடைவெளிகளில் குறுக்கும் மறுக்கும், முறுக்கி இறுக்கும் டர்ன்பக்கிள் கம்பி. அந்த இழுபைப் வைக்கோல் அடுக்கும் இடத்தையே மறிக்கும். மடிப்பின் லாபம் அங்கேயே பாதி போச்சு.

ஸ்க்ரூ விஷயமும் சேர்த்துச் சொல்கிறேன். 1974ல் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரை ட்ரேசி புயல் அடித்தபோது ஷீட்டுகள் ஸ்க்ரூ ஓட்டையைச் சுற்றிக் களைப்பு விரிசல் (திரும்பத் திரும்ப ஆடி வரும் விரிசல்) விட்டுத்தான் கழன்றன; ஸ்க்ரூ அப்படியே நின்றது. ஆகவே அகல வாஷர் போடுங்கள். இறவாணம், முகடு, இரு ஓரம் ஆகியவற்றில் பர்லின் இடைவெளியைப் பாதியாக்கி, ஷீட்டு நெளிவின் ஒவ்வொரு மேட்டிலும் ஸ்க்ரூ. ரப்பர் பிதுங்கும் அளவுக்கு முறுக்கக் கூடாது.

நாகலூர்_மிளகு:
தூண் குழி? 10 அடிக்கு ஒரு தூண்.

கணக்கன்:
30 டிகிரியில் நடுத்தூணுக்கு மேல்நோக்கி சுமார் 900 கிலோ. கான்கிரீட் கன அடிக்கு 68 கிலோ. 2 × 2 × 3½ அடி போட்டால் ஏறக்குறைய சரிக்குச் சரி, அதுவும் மலைப் பெருக்கலும் பாதுகாப்பு மிச்சமும் சேர்க்காமல். 10 டிகிரிக்கு 23 கன அடி கேட்கும். மிச்சமான பைப் காசு குழியில் போகும்.

பட்டறைக்காரர்:
மேல ரெண்டடியிலயே சார்னோகைட் பாறை தட்டுச்சுன்னா குழி வேண்டாம். துளை போட்டு, தூசியை ஊதி எடுத்துட்டு, எபாக்சிப் பசையில கம்பி இறக்குங்க. தூசி இருந்தா கம்பி கையோட வந்துடும். 30 டிகிரிக்கு நான் சம்மதம், மடிப்புக்கு இல்லை. இறவாணத்தை ஒன்றரை அடிக்கு மேல நீட்டாதீங்க. வைக்கோலுக்குப் பக்கத்துலயே தாழ்வா ஒரு சார்ப்பு இறக்கிக்கங்க.

கணக்கன்:
சார்ப்பு இறக்கினால் அது மறுபடி தாழ்ந்த சரிவுதான், அதையும் காற்று மேலே உறிஞ்சும். மூன்று பக்கம் அடைத்து ஒரு பக்கம் மட்டும் திறந்து விட்டுவிடாதீர்கள். எதிரெதிரே திறப்பு வையுங்கள்.