சொல் தேவை: தறிச் சத்தத்தோடு மேளம் சேரும் இசைக்கு

கோவையிலிருந்து, வெள்ளி இரவு

குழுவினருக்கு வணக்கமுங்க. செவ்வாய் காலை நிகழ்ச்சித் துண்டறிக்கை அச்சுக்குப் போகிறது. அதற்குள் ஒரு சொல் வேண்டும்.

சோமனூரில் ஒரு விசைத்தறிக் கூடத்தின் சத்தத்தைப் பதிந்து வந்திருக்கிறேன். நாலு பக்கமும் காது வைத்த மைக். அரங்கில் கேட்பவர்களைச் சுற்றி எட்டு ஸ்பீக்கர். நடுவில் இரண்டு நாதஸ்வரம், ஒரு தவில், வயலின், செல்லோ ஆகியவை நேரடியாக வாசிக்கும்.

தறிகள் எல்லாம் ஒரே வேகத்தில் ஓடுவதாக நினைக்கிறோம். கிடையாது. பக்கத்துப் பக்கத்துத் தறி இரண்டு மெல்ல நெருங்கி வந்து, நாலைந்து அடி ஒன்றாக விழுந்து, மறுபடி விலகிப் போகும். தவில் பகுதியை அந்த நாலைந்து அடிக்காகத்தான் எழுதினேன். துண்டறிக்கையில் இப்போதைக்கு "சரவுண்ட் சவுண்டுடன் நேரடி இசை" என்று இருக்கிறது. தறிக்கூடம் அதில் எங்கேயும் இல்லை. அதுதான் என் குறை.

ஈரோட்டிலிருந்து, சனி காலை (தமிழாசிரியர்)

அம்மணி, நல்ல வேலை செய்திருக்கிறாய். களத்தில் பதிந்தது என்பதால் "களவொலி" என்று யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன். களம் + ஒலி என்றால் மகர ஈறு கெட்டு, வகரம் வந்து, களவொலி ஆகும். விதிப்படி சரிதான், ஆனால் படிப்பவர் திருட்டு ஒலி என்றே கொள்வார். அத்துச் சாரியை கொடுத்துக் களத்தொலி என்று வை.

ஆனால் என் மனம் வேறொன்றில் நிற்கிறது. இமிழ். புறநானூறு 19 "இமிழ்கடல் வளைஇய" என்றுதான் தொடங்குகிறது. ஒலிக்கிற கடல் நிலத்தைச் சுற்றி வளைத்திருக்கிறது. ஒலியும் சூழலும் இரண்டே சொல்லில் வந்துவிட்டன. வண்டு இமிர்வது, கடல் இமிழ்வது, இரண்டுக்கும் வேர் ஒன்று என்பது என் கருத்து. வாயை மூடி "ம்" என்று முனகும்போது எழும் ஒலியே அந்த "இம்". தறிக்கூடத்துக்கு வெளியே நின்று கேட்டால் "ம்ம்" என்றுதானே வரும்? ஆகவே "இமிழிசை".

திருப்பூரிலிருந்து, சனி மதியம் (ஒலிப்பதிவு செய்பவர்)

ஐயா, கோபித்துக்கொள்ள வேண்டாம். இமிழிசை என்று தாளில் எழுதி என் பையனிடம் கொடுத்தால் தமிழிசை என்று படித்து, தேவாரத்துக்கு மைக் வைத்துவிடுவான்.

இன்னொன்று, இங்கே இரண்டு வேலை இருக்கிறது. நாங்கள் ஆம்பியன்ஸ் என்பது எடுத்த இடத்தின் சத்தம். சரவுண்ட் என்பது போடும் இடத்தில் ஸ்பீக்கர் நிற்கிற விதம். ஒற்றை மைக்கில் எடுத்ததையும் எட்டு ஸ்பீக்கரில் சுற்றவிடலாம். சுற்றி எடுத்ததை இரண்டு ஸ்பீக்கரில் அடக்கவும் செய்யலாம். இரண்டுக்கும் சூழொலி என்று ஒரே சொல்லை வைத்தால் மேடையில் எனக்குத்தான் குழப்பம். அப்புறம், களத்தொலி என்று எங்கம்மாவிடம் சொல்லிப் பார்த்தேன். "சோளம் அடிக்கிற களத்துச் சத்தமா சாமி?" என்று கேட்டார்கள்.

பெருந்துறையிலிருந்து, ஞாயிறு காலை (இசை ஆசிரியை)

உங்கம்மா சொன்னது தப்பில்லை தம்பி. களம் என்றால் நம் பக்கம் ஓர் இடம், அங்கே நடக்கும் வேலை, அதன் சத்தம் எல்லாமே சேர்ந்து நினைவுக்கு வரும். அது அந்தச் சொல்லுக்குப் பலம்.

பதிந்த ஒலியும் நேரடி வாத்தியமும் சேர்வதும், ஒலி கேட்பவரைச் சுற்றி வருவதும் புதிதல்ல. 1924-லேயே இத்தாலிய இசையமைப்பாளர் ரெஸ்பிகி ரோம் நகரத்துப் பைன் மரங்களைப் பற்றிய தன் படைப்பில், ஆர்க்கெஸ்ட்ரா வாசித்துக்கொண்டிருக்கும்போது நைட்டிங்கேல் பறவையின் குரலை கிராமபோன் தட்டில் ஒலிக்க வைத்தார். 1956-இல் ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் ஒரு சிறுவனின் குரலையும் மின்னணு ஒலிகளையும் கலந்து, கேட்பவர்களைச் சுற்றி ஸ்பீக்கர்களில் ஒலிக்கவிட்டார். அதனால் எனக்கு ஒலியின் பெயரைவிட, சேர்ப்பது என்ற வினைக்குத்தான் சொல் தேவை என்று படுகிறது.

அந்தச் சொல் நம் அறச்சலூர்க் குகைக் கல்வெட்டில் இருக்கிறது. "த தை தா தை த" என்று தொடங்கி, வரிக்கு ஐந்து எழுத்தாக ஐந்து வரி. இடமிருந்து, வலமிருந்து, மேலிருந்து, கீழிருந்து எப்படிப் படித்தாலும் ஒன்றே. செய்தவன் வண்ணக்கன் தேவன் சாத்தன். வண்ணக்கன் என்றால் காசு நோட்டம் பார்ப்பவன். அவன் தன்னை எழுத்துப் "புணருத்தான்", அதாவது எழுத்துகளைச் சேர்த்தவன், என்று எழுதிக்கொள்கிறான். நம் ஊரில் இசையமைப்புக்கு இதைவிடப் பழைய சொல் எனக்குத் தெரிந்து இல்லை. எனவே "களப்புணர்ப்பு".

பொருத்தத்தைப் பாருங்கள். நன்னூல் சொல்லும் புணர்ச்சி நான்கும் இந்த இசையில் உண்டு. தறியும் வயலினும் தன் தன் பாட்டுக்குப் போனால் இயல்பு. நாதஸ்வரத்தின் நீண்ட சுரமும் மோட்டாரின் ரீங்காரமும் மயிரிழை விலகி ஒலித்தால், இரண்டிலும் இல்லாத ஒரு துடிப்பு காதில் எழும், அது தோன்றல். தறியின் அடிக்குத் தவில்காரர் நடையை மாற்றினால் திரிதல். இரைச்சலில் செல்லோ மறைந்தால் கெடுதல்.

திருப்பூரிலிருந்து, ஞாயிறு மதியம்

அக்கா, படித்ததும் புல்லரித்தது. ஆனாலும் துண்டறிக்கையில் புணர்ப்பு வேண்டாமுங்க. கல்லூரிப் பிள்ளைகள் முதல் வரியிலேயே சிரித்துவிடுவார்கள். சூழ்ந்து ஒலிப்பதால் சூழிசை என்றாலே போதும்.

பெருந்துறையிலிருந்து, ஞாயிறு மாலை

அதே பிள்ளைகள் பத்தாம் வகுப்பில் புணர்ச்சி விதி எழுதி மதிப்பெண் வாங்கியவர்கள்தான். சிரிப்பார்களே என்று ஒவ்வொரு சொல்லாக விட்டுக்கொண்டே போனால் எதில்தான் எழுதுவது?

கோவையிலிருந்து, திங்கள் இரவு

அச்சகத்தில் இரண்டு முறை கேட்டுவிட்டார்கள். தனிமடலில் எழுதியவர்களையும் சேர்த்து, பெரும்பாலோர் சூழிசைக்குச் சரி என்கிறார்கள். ஆகவே தலைப்பு: "தறி: நேரடி வாத்தியங்களும் சோமனூர்க் களத்தொலியும் சேர்ந்த சூழிசை". எடுத்த இடத்துக்குக் களத்தொலி, போடும் விதத்துக்குச் சூழிசை என்று பிரித்துக்கொண்டேன். தறிக்கூடம் பெயரோடு வந்துவிட்டதில் எனக்கு நிம்மதி.

அக்கா, வாத்தியக்காரர்களுக்குக் கொடுக்கும் இசைப்படியின் மேல் ஓரத்தில் "இசையமைத்தவர்" என்பதை அடித்துவிட்டுப் "புணர்த்தது" என்று எழுதியிருக்கிறேன். நாதஸ்வர அண்ணன் அதைப் பார்த்தார், தலையாட்டினார், சீவாளியைச் சரிசெய்யப் போய்விட்டார்.

ஈரோட்டிலிருந்து, செவ்வாய் அதிகாலை

அச்சுக்குப் போயிருக்கும். இருந்தாலும் பதிவுக்காகச் சொல்கிறேன். சூழிசை வினைத்தொகை, சூழ்ந்த, சூழ்கின்ற, சூழும் இசை என்று முக்காலமும் காட்டும், அது நன்று. ஆனால் சூழ்தல் என்பதற்குக் குறளில் ஆராய்தல் என்ற பொருளும் உண்டு, இன்றைய வழக்கில் சூழ்ச்சியும் அங்கிருந்துதான் வருகிறது. இமிழில் அந்தச் சிக்கல் எதுவும் இல்லை.