அறைக்கு ஒரு ஃபங்ஷனா? ஆயிரம் அடி நடந்து பாருங்கள்

குகைவாசி:
நேற்று இங்கே ஒரு பாடம் வந்திருந்தது: பைதான் நிரல்மொழியில் அரை மணி நேரத்தில் டெக்ஸ்ட் அட்வென்சர், அதாவது கட்டளைகளைத் தட்டி அறை அறையாகப் போகும் விளையாட்டு. கூடம், சமையலறை, கிணற்றடி என்று அறைக்கு ஒரு ஃபங்ஷன் (பெயர் சொல்லி அழைத்தால் ஓடும் நிரல் துண்டு). கூடத்தில் நின்று "வடக்கு" என்று தட்டினால், கூடம் ஃபங்ஷனுக்குள்ளிருந்தே சமையலறை ஃபங்ஷனை அழைக்கிறார்கள். அங்கே "தெற்கு" என்றால் மறுபடி கூடத்தை அழைக்கிறார்கள். படித்ததும் தலை சுற்றியது. நீங்கள் சமையலறைக்குப் போனபோது கூடம் முடிந்துவிடவில்லை; பாதியில் நின்று காத்துக்கொண்டிருக்கிறது. திரும்பி வந்து நிற்பது அந்தக் கூடத்தில் அல்ல, அதன்மேல் அடுக்கிய இன்னொரு கூடத்தில். பைதான் இப்படி ஆயிரம் அடுக்குவரைதான் பொறுக்கும். பிறகு ரிகர்ஷன் எரர் என்று ஒரு பிழைச்செய்தியைத் துப்பிவிட்டு விளையாட்டு செத்துவிடும். அறைகளை ஒரு டிக்ஷனரியில், அதாவது பெயரைச் சொன்னால் அதற்குரியதை எடுத்துத் தரும் அட்டவணையில் வையுங்கள், எந்த அறையில் நிற்கிறோம் என்பதை ஒரு மாறியில் வையுங்கள், திரும்பத் திரும்ப ஓடும் வைல் லூப் ஒரே ஒன்று போடுங்கள். இதற்கு அரை மணி நேரம்கூட வேண்டாம்.

அல்லி:
அந்தப் பாடத்தை எழுதியவள் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டியிருக்கலாம். சனிக்கிழமைதோறும் பன்னிரண்டு பிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிறேன். டிக்ஷனரிக்குள் டிக்ஷனரி என்றதும் பாதிப் பேர் ஜன்னலைப் பார்க்கிறார்கள். "இது கூடம், இது சமையலறை, இங்கிருந்து அதை அழை" என்றால் பத்தே நிமிடத்தில் கிணற்றடியில் ஒரு பேயைக் கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார்கள். மொத்தம் ஐந்து அறை, இருபது அடியில் புதையல். ஆயிரம் அடி யார் நடப்பார்கள்?

குகைவாசி:
நடக்கவே வேண்டாம், அம்மா. தவறான கட்டளை வந்தால் உங்கள் நிரல் "புரியவில்லை" என்று அச்சிட்டுவிட்டு அதே அறையை மறுபடி அழைக்கிறது. அதுவும் ஓர் அடுக்குதான். என் அண்ணன் மகன் என்டர் விசையில் விரலை வைத்தான், எடுக்கவில்லை. நொடிக்கு முப்பது முறை பதிந்தால் ஆயிரத்துக்கு எவ்வளவு நேரம் ஆகும்? அரை நிமிடத்துக்குச் சற்று மேல். பையன் கைதட்டிச் சிரித்தான். விளையாட்டில் அவனுக்குப் பிடித்த கட்டமே அதுதான்.

அல்லி:
விசையில் விரலை வைத்து அழுத்திக்கொண்டே இருக்கும் பிள்ளையை உங்கள் வீட்டில்தான் பார்க்க முடியும்.

மாடிப்படி:
இதற்கா இவ்வளவு? அடுக்கு வரம்பை ஏற்றிவிட பைதானிலேயே வசதி இருக்கிறது. ஒரு வரி. பத்தாயிரம் என்று போட்டுவிட்டு வேலையைப் பாருங்கள்.

குகைவாசி:
கூரை ஒழுகினால் பெரிய வாளி வாங்கி வைப்பவரா நீங்கள்? தவிர, சரியாக ஆயிரம்கூடக் கிடைக்காது. ஃபங்ஷனுக்கு வெளியே இருக்கும் முதன்மை நிரலும் அந்தக் கணக்கில் சேரும்.

அல்லி:
பார்த்தீர்களா, ஆயிரம் என்று நெற்றியில் அடித்துச் சொன்னவரே இப்போது ஆயிரம் இல்லை என்கிறார்.

குகைவாசி:
குறைகிறது என்கிறேன். கூடுகிறது என்றா சொன்னேன்?

புதுக்கணக்கு:
வணக்கம். நான் இப்போதுதான் கற்றுக்கொள்ளத் தொடங்கியிருக்கிறேன். ஒரு சந்தேகம். தொடக்கநிலை என்று இங்கே யாரைச் சொல்கிறீர்கள்? பத்து வயதுப் பிள்ளைகளையா, கல்லூரி மாணவர்களையா? அதைப் பொறுத்துப் பதில் மாறும் அல்லவா?

பேசிக்தாத்தா:
எங்கள் காலத்தில் பேசிக் மொழியில் வரிக்கு வரி எண் உண்டு: 200-ஆம் வரி கூடம், 300-ஆம் வரி சமையலறை. கோட்டூ 300 என்றால் நிரல் நேரே அந்த வரிக்குத் தாவிவிடும். பின்னால் எந்தக் கூடமும் காத்திருக்காது. 1968-இல் கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா கோட்டூவைக் கண்டித்துக் கடிதம் எழுதினார், அன்றிலிருந்து ஆளுக்கு ஆள் அதைத் திட்டுவது நாகரிகமாகிவிட்டது. இப்போது பாருங்கள், அதே கோட்டூவைத்தான் ஃபங்ஷன் என்று வேஷம் கட்டி ஓட்டுகிறீர்கள், அதையும் அரைகுறையாக.

குகைவாசி:
ஐயா, முதல் பாதி என் கட்சி. மீதியை உங்கள் பேரப்பிள்ளைகளிடம் சொல்லுங்கள். அமெரிக்க நிரலாளர் வில் கிரவுதர் 1970களின் நடுவில் பிடிபி-10 கணினியில் ஃபோர்ட்ரான் மொழியில் எழுதிய குகை விளையாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். கென்டக்கியில் தானே இறங்கி அளந்த மாமத் குகையைத்தான் அதில் வைத்தார். வரைபடம் தனித் தரவுக் கோப்பில் எண் அட்டவணையாக இருந்தது: இந்த இடம், இந்தச் சொல், போய்ச் சேரும் இடம். நான் சொல்லும் டிக்ஷனரி அதுதான். அன்றைய ஃபோர்ட்ரானில் ஒரு ஃபங்ஷன் தன்னையே அழைக்கவும் வழி இல்லை. 1977-இல் டான் வூட்ஸ் என்ற இன்னொரு நிரலாளர் அந்த விளையாட்டைப் பெரிதாக்க முடிந்ததும் அட்டவணை இருந்ததால்தான். அறைக்கு ஒரு ஃபங்ஷன் எழுதியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போயிருப்பார்.

அல்லி:
கிரவுதர் அதை யாருக்காக எழுதினார் என்பதை ஏன் விட்டுவிட்டீர்கள்? தன் மகள்களுக்காக. பிள்ளைகள் விளையாட வேண்டும் என்பதே நோக்கம். உங்களுக்கு அட்டவணை மட்டும் கண்ணில் படுகிறது.

குகைவாசி:
மகள்கள் விளையாடினார்கள். நிரலை எழுதியவர் அப்பா.

யாப்பு:
இவர்கள் சண்டை ஓயாது. இரண்டு பேர் நிரலும் தமிழில் கட்டளை கொடுத்தால் விழுந்துவிடும், அதைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. இருவருமே முதல் சொல்லை வினை என்று எடுத்துக்கொள்கிறீர்கள். "விளக்கை எடு" என்பதில் வினை கடைசியில் அல்லவா இருக்கிறது? பொருளின் பெயரில் வேற்றுமை உருபு வேறு ஒட்டிக்கொள்கிறது. சாவி "சாவியை" ஆனால் பிழைத்தோம், மரம் "மரத்தை" ஆகிவிட்டால்? கிரவுதர் நிரல் சொல்லின் முதல் ஐந்து எழுத்தை மட்டும் பார்த்துத் தப்பித்தது. இங்கே அது நடக்காது. "கதவு" என்பதன் நீளம் கேட்டால் பைதான் நான்கு என்கிறது.

மாடிப்படி:
மூன்று எழுத்துதானே?

யாப்பு:
"வு" என்பதில் கொம்பு கணினிக்குத் தனிக் குறியீடு. இதுகூடத் தெரியாமல் வரம்பை ஏற்றச் சொல்ல வந்துவிட்டீர்கள்.

மாடிப்படி:
அதைக் கொம்பு என்று யார் சொன்னது? எ, ஏ வரிசைக்கு முன்னால் போடுவதுதான் கொம்பு. யாப்பு என்று பெயர் வைத்துக்கொண்டால் போதாது.

யாப்பு:
பெயரைப் பற்றி மாடிப்படி பேசுகிறது.

நடுவர்மணி:
ஒரு வழி சொல்லட்டுமா? அறைக்கு ஒரு ஃபங்ஷன் இருக்கட்டும். ஆனால் அது அடுத்த அறையை அழைக்காமல், அதன் பெயரை மட்டும் திருப்பித் தரட்டும். வெளியே ஒரு வைல் லூப் அந்தப் பெயரை வாங்கி அடுத்ததை ஓட்டட்டும். அடுக்கும் ஏறாது, பிள்ளைகளுக்கும் கூடம் கூடமாகவே தெரியும்.

அல்லி:
திருப்பித் தருவது என்றால் என்ன என்று விளக்க எனக்கு இரண்டு வகுப்பு வேண்டும். நீங்கள் வந்து எடுக்கிறீர்களா?

குகைவாசி:
லூப் வேண்டும் என்பதை நடுவரே ஒப்புக்கொண்டுவிட்டார். நான் தொடக்கத்திலிருந்தே அதைத்தான் சொல்கிறேன். பதிவு செய்துகொள்ளுங்கள்.

நடுவர்மணி:
நான் அப்படி ஒப்புக்கொள்ளவில்லையே.

அல்லி:
இவர் இப்படித்தான். லிஸ்ட் சுட்டெண் ஏன் பூஜ்யத்தில் தொடங்குகிறது என்று ஒரு பிள்ளை கேட்டதற்கு நாற்பது பதிவு எழுதி, அந்தப் பிள்ளையை இந்தப் பக்கமே வராமல் செய்தவர்.

குகைவாசி:
முப்பத்தொன்பது. அதில் ஒன்றுக்குக்கூட நீங்கள் பதில் எழுதவில்லை. இப்போதும் அதேதான். பேய், ஜன்னல், மகள்கள் என்று எங்கெங்கோ போகிறீர்கள். ஆயிரத்தோராவது அடியில் உங்கள் கூடம் என்ன ஆகும்?

பேசிக்தாத்தா:
கோட்டூவாக இருந்தால் ஒன்றும் ஆகாது.

புதுக்கணக்கு:
என் கேள்வியை யாராவது பார்த்தீர்களா?

அல்லி:
நாளை சனிக்கிழமை. அதே பாடத்தைத்தான் எடுக்கப்போகிறேன். இந்த முறை ஏழு அறை.

குகைவாசி:
என் அண்ணன் மகனை அனுப்பிவைக்கிறேன். நேரம் சொல்லுங்கள்.