வயதாகும் தோலும் முடியும்: வேலையில் அன்றாடம் எதிர்ப்படுபவை

தொடங்கியவர் (தோல் சிகிச்சைப் பிரிவு உதவியாளர்)

சொந்தக் கதை வேண்டாம். வேலையில் திரும்பத் திரும்பப் பார்ப்பது எது, அது எங்கே, ஏன் கெடுகிறது, அதை மட்டும் எழுதுங்கள். நானே ஆரம்பிக்கிறேன்.

"அரிக்குது, ஆனா தோல்ல ஒண்ணுமே இல்லை." அறுபதைத் தாண்டியவர்கள் வந்து உட்கார்ந்ததும் சொல்வது பெரும்பாலும் இதுதான். முழங்காலுக்குக் கீழே முன்பக்கத்தை வெளிச்சத்தில் பாருங்கள். வற்றிய குளத்து மண் மாதிரி மெல்லிய வெடிப்புக் கோடுகள் தெரியும். எண்ணெய்ச் சுரப்பு குறைந்திருக்கும். இளமையில் ஏறக்குறைய 28 நாளில் புதுப்பித்துக்கொண்ட மேல்தோலுக்கு இப்போது 40 நாளுக்கு மேல் ஆகும். தோலின் பிஎச் (அமில-கார அளவு) 5-ஐ ஒட்டியது, சோப்புக்கட்டியின் பிஎச் 9, 10. இளந்தோல் இந்த அடியிலிருந்து சீக்கிரம் மீண்டுவிடும், முதிய தோலால் முடியாது. அதற்குள் அடுத்த குளியல் வந்துவிடுகிறது.

வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடத்துக்குள் குளியலை முடிக்க வேண்டும். சோப்பு அக்குள், தொடை இடுக்கு, பாதம் இவற்றுக்குப் போதும். துண்டால் ஒற்றியெடுத்து, ஈரப்பதம் இருக்கும்போதே மூன்று நிமிடத்துக்குள் மாய்ஸ்சரைசர். எல்லோரும் கோட்டைவிடுவது அளவில்தான். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் அரை கிராம், அது விரல்களையும் சேர்த்து இரண்டு உள்ளங்கைப் பரப்புக்குத்தான் வரும். பாதத்தோடு சேர்த்து ஒரு காலுக்கு எட்டு விரல் அளவு வேண்டும். ஒன்றரையில் நிறுத்திவிட்டு "க்ரீம் கேட்கவில்லை" என்பார்கள். 10 சதவீத யூரியா உள்ள க்ரீம் நல்லதுதான், ஆனால் வெடித்த இடத்தில் எரியும். வெடிப்பு ஆறும்வரை வெறும் பெட்ரோலியம் ஜெல்லி போதும்.

இரண்டு வாரம் இப்படிச் செய்தும் அரிப்பு அடங்காவிட்டால் சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்து, சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் மருத்துவர் பார்க்க வேண்டும். இரவில் அரிப்பு கூடி, விரலிடுக்கிலும் இருந்து, வீட்டில் இன்னொருவரும் சொறிந்தால் அது சிரங்காக இருக்கலாம்.

முதியோர் பராமரிப்புச் செவிலியர்

வறட்சிக்கு அடுத்தபடி தோல் கிழிவது. மேல்தோலும் உள்தோலும் பல்லோடு பல் கோத்தமாதிரி பிடித்திருக்கும். வயதாக ஆக அந்தப் பற்கள் தட்டையாகிவிடும். அதனால்தான் கட்டில் விளிம்பில் லேசாக உரசினாலும் காகிதம் மாதிரி ஒரு மடல் உரிந்து வருது.

அந்த மடலைக் கத்தரிக்காதீங்க. உப்புநீரால் (சலைன்) கழுவி, நனைந்த பஞ்சுக்குச்சியால் மெதுவாக உருட்டி, அதே இடத்துக்குக் கொண்டுபோய்ப் படியவையுங்க. மேலே புண்ணில் ஒட்டாத டிரெஸ்ஸிங். பிறகு அந்த டிரெஸ்ஸிங் மேலே பேனாவால் ஒரு அம்புக்குறி போடணும், மடல் இணைந்திருக்கிற பக்கத்திலிருந்து நுனியை நோக்கி. அடுத்து மாற்றுகிறவர் அந்தத் திசையில் உரித்தால் மடல் படிந்தே இருக்கும். எதிர்த்திசையில் இழுத்தால் ஒட்டினதெல்லாம் மறுபடி பிய்ந்துவிடும். அம்பு போடாம விட்டு இரண்டாவது நாளே மறுபடி கிழிகிறது சகஜம். சாதாரண பிளாஸ்திரி வேண்டவே வேண்டாம், எடுக்கும்போது சுற்றியிருக்கிற நல்ல தோலையும் சேர்த்து உரிக்கும்.

முன்கையில் அடிபடாமலே வர்ற ஊதாத் திட்டுக்கும் இதே மெலிவுதான் காரணம். வெயில் பட்ட தோலில், ரத்தக்குழாயைத் தாங்குகிற கொலாஜன் என்ற புரதம் போயிருக்கும். சில வாரத்தில் மங்கிடும். ரத்தத்தை இளக்கும் மாத்திரை எடுப்பவர்களுக்கு அதிகம் வரும். அதுக்காக மாத்திரையைத் தானாக நிறுத்துவது பெரிய ஆபத்து.

முடிதிருத்தும் நிலையம் நடத்துபவர்

நரையைப் பிடுங்கினால் பக்கத்தில் பத்து முளைக்கும் என்பது பொய். ஒரு வேர்க்காலின் நிறமி அணுக்கள் ஓய்ந்தால் பக்கத்து வேர்க்காலுக்கு அது தெரியாது. திரும்பத் திரும்பப் பிடுங்கினால் அந்த வேர்க்கால்தான் கெடும்.

நரைமுடி டையைச் சீக்கிரம் வாங்காது, அதிலும் நெற்றியோரமும் கிருதாவும். ஆகவே அங்கே முதலில் தடவுங்கள். நரையை மறைக்க, டையோடு கலக்க 6 சதவீதப் பெராக்சைடு, அதாவது 20 வால்யூம் போதும். கலவையை முழுவதும் தடவி முடித்த பிறகே நேரத்தைக் கணக்கிடுங்கள். முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும், அந்த வளர்ந்த பகுதிக்கு மட்டும் டை. ஒவ்வொரு முறையும் நுனிவரை இழுத்தால் நுனி கரியாகி உடையும்.

'ஹெர்பல்', 'அமோனியா இல்லை' என்ற எழுத்தைப் பார்த்து பேட்ச் டெஸ்டை (தோலில் கொஞ்சம் தொட்டுவைத்து ஒவ்வாமை பார்ப்பதை) விட்டுவிடுகிறார்கள். ஒவ்வாமை தருவது அமோனியா அல்ல, பெரும்பாலும் டையில் உள்ள பிபிடி என்ற சாயப்பொருள். 'கறுப்பு மருதாணி'யிலும் அது இருக்கும்; கலப்பில்லாத மருதாணி கறுப்பாகவே பிடிக்காது. டை போடுவதற்கு 48 மணி நேரம் முன்பு காதுக்குப் பின்னால் தொட்டுவையுங்கள். இருபது வருடம் ஒத்துக்கொண்ட டை இருபத்தோராம் வருடம் ஒத்துக்கொள்ளாமல் போகும். மறுநாளோ அதற்கு மறுநாளோ இமை வீங்கும். பலர் அதைக் கண்ணோய் என்று நினைத்துச் சொட்டு மருந்து விடுகிறார்கள்.

மருந்தாளுநர்

முடி கொட்டுவதற்கு மினாக்ஸிடில் வாங்குபவர்களில் பாதிப்பேர் இரண்டாவது மாதம் வந்து சண்டை போடுவார்கள்: "இன்னும் அதிகமா கொட்டுதே!" முதல் சில வாரங்களில் அது எதிர்பார்க்கக்கூடியதுதான், ஓய்வில் இருந்த பழைய முடி விழுந்து புதியதுக்கு வழிவிடுகிறது. பலன் தெரிய நாலு முதல் ஆறு மாதம். திரவத்தின் அளவு ஒருமுறைக்கு 1 மில்லி, காய்ந்த தலைத்தோலில். முடிமேல் தெளித்தால் வீண். நிறுத்தினால் வந்தது சில மாதத்தில் போய்விடும், அதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது.

எல்லாக் கொட்டலும் வயதால் வருவதும் இல்லை. கடும் காய்ச்சல், அறுவை சிகிச்சை முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்துக் கொத்தாகக் கொட்டும். இடைவெளி இருப்பதால் யாரும் இரண்டையும் முடிச்சுப் போடுவதில்லை. வகிடு மட்டும் வருடக்கணக்கில் அகன்றுகொண்டே போனால் அது வேறு, பரம்பரை வகை.

பயோட்டின் (ஒரு பி வைட்டமின்) மாத்திரை பற்றி ஒரு வார்த்தை. குறைபாடு இல்லாதவருக்கு அது முடி வளர்க்கும் என்று நம்ப ஆதாரம் போதாது. ஆனால் தைராய்டு ரத்தப் பரிசோதனை முடிவைக் குழப்பும், மாரடைப்பைக் கண்டறியும் ட்ரோபோனின் அளவைக்கூடக் குறைத்துக் காட்டக்கூடும். பரிசோதனைக்கு முன் சொல்லிவிடுங்கள்.

மங்குக்கு யாரோ கொடுத்த க்ரீமை மாதக்கணக்கில் பூசுவதும் நிறைய. குழாயில் 'பீட்டாமெத்தசோன்', 'குளோபெட்டசால்' என்று இருந்தால் அது ஸ்டீராய்டு. ஏற்கெனவே மெலிந்த தோலை இன்னும் மெலியவைத்து, சிவப்பு ரத்தக்குழாய்களைத் தெரியவைக்கும்.

தொடங்கியவர்

மங்கு பற்றி வந்ததால்: சன்ஸ்கிரீன் இல்லாமல் எந்த மங்கு க்ரீமும் நிற்காது. எஸ்பிஎஃப் 30, முகத்துக்கும் கழுத்துக்கும் இரண்டு விரல் நீளம், வெளியே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. ஜன்னல் கண்ணாடி வெயிலின் யுவிஏ (புற ஊதா) கதிரை முழுக்கத் தடுக்காது.

முடிதிருத்துபவரிடம் ஒரு வேண்டுகோள். உச்சந்தலை, காதுக்குப் பின்புறம், பிடரி, இவற்றைத் தாங்களே பார்க்க முடியாதவர்களை நீங்கள் மாதாமாதம் பார்க்கிறீர்கள். மெழுகு ஒட்டவைத்த மாதிரி பழுப்பாக மேலெழும்பிய மச்சம் பெரும்பாலும் தீங்கில்லாதது. ஓரம் கோணலாக, இரண்டு மூன்று நிறமாக, 6 மில்லிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, போன மாதத்தைவிட மாறியிருந்தாலோ, நாலு வாரமாக ஆறாத புண் இருந்தாலோ அது தோல் புற்றுநோயாக இருக்கலாம், அவரிடம் சொல்லுங்கள்.

முடிதிருத்தும் நிலையம் நடத்துபவர்

சொன்னால் பயந்துவிடுகிறார்கள், அதுதான் சிக்கல். அதனால் நோயின் பெயர் எதுவும் சொல்வதில்லை. சீப்பால் முடியை விலக்கி, பக்கத்தில் சின்ன ஸ்கேலை வைத்து, அவர் போனிலேயே படம் எடுத்துக் கொடுத்து "இதைத் தோல் டாக்டரிடம் காட்டுங்க" என்பதோடு சரி. அன்றைக்கு அந்தத் தலைக்கு டையும் போடுவதில்லை.